உமிச்சாம்பல் கோட்டுக்கு உள்ளே யார், வெளியே யார்?

மாலை நாலரை மணி. கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றக் கிராமம் ஒன்றில் கரப்பந்துத் திடலுக்குக் கோடு போடுகிறார்கள். சுண்ணாம்பு வாங்குவதில்லை. அரிசி ஆலையில் உமிச்சாம்பல் சும்மா கிடைக்கிறது. ஒரு சாக்குக் கொண்டுவந்து, அடியில் ஓட்டை போட்ட பால்மா டின்னில் அள்ளி, இழுத்துக் கட்டிய கயிற்றை ஒட்டிக் குனிந்தபடியே நடந்தால் மண்ணில் கறுப்புக் கோடு விழுந்துவிடும். கம்பங்கள் இரண்டும் முதிரை மரம். வலையின் மேற்பட்டி உரச்சாக்கை வெட்டித் தைத்தது. கோடு போடுகிறவருக்கு அறுபது வயதிருக்கும். ஆடுவதை விட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது, ஆனாலும் அவர் போட்டால்தான் கோடு நேராக இருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. கொட்டகைக்குள் அறிவிப்பாளர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அன்றைய போட்டி எந்த அமரரின் ஞாபகார்த்தமாக நடக்கிறது என்பதை மூன்றாம் தடவையாக வாசிக்கிறார். பரிசுப் பணம் அனுப்பியவர் ரொறன்ரோவில் கைபேசித் திரையில் போட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அறிவிப்பு அவருக்கும் சேர்த்துத்தான்.

அன்று யார் வென்றார்கள் என்பதை விளையாட்டுச் செய்தி சொல்லிவிடும். விளையாட்டுச் சமூகவியலுக்கு அந்த முடிவில் அக்கறை குறைவு. இங்கே ஏன் கரப்பந்து, ஏன் கடினப்பந்துக் கிரிக்கெட் இல்லை? கோடு போடும் உரிமை ஏன் அவருக்கு? கொட்டகையில் கதிரை யாருக்கு, வேலியோரத்தில் சைக்கிளில் சாய்ந்து நிற்பவர்கள் யார்? பெண்கள் எங்கே? இப்படிக் கேட்பதுதான் அதன் தொழில். 1960களில் தனித் துறையாக உருப்பெற்ற இந்தப் படிப்பு, "விளையாட்டு வேறு, அரசியல் வேறு" என்ற வாக்கியத்தை நம்ப மறுத்ததிலிருந்து தொடங்கியது என்று சொல்லலாம். அந்த வாக்கியத்தைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வன்னியிலும் அடிக்கடி கேட்கலாம். பெரும்பாலும் மேடையில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

பந்து ஒன்று, வலை ஒன்று

ஒருவருக்கு எந்த விளையாட்டுப் பிடிக்கிறது என்பது அவரவர் ருசி என்று நாம் நினைக்கிறோம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதை ஏற்கவில்லை. கையில் இருக்கும் பணம், மிஞ்சும் நேரம், உடம்பை எதற்குப் பயன்படுத்துவது என்று அவரவர் வர்க்கம் பழகிவைத்திருக்கும் எண்ணம் எல்லாம் சேர்ந்து அந்த ருசியை முன்கூட்டியே செதுக்கிவிடுகின்றன என்றார். அவர் மனதில் இருந்தது பிரான்சின் டெனிஸ், கோல்ஃப், குத்துச்சண்டை. கணக்கு என்னவோ நமக்கும் பொருந்துகிறது.

கடினப்பந்துக் கிரிக்கெட்டுக்கு மட்டை, கால்காப்பு, கையுறை, தலைக்கவசம், ஆடுகள விரிப்பு எல்லாம் வேண்டும். பந்து விரைவில் தேய்ந்துபோகும். இருபத்திரண்டு பேர் ஒரு பகலை முழுதாக ஒதுக்க வேண்டும். கரப்பந்துக்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உள்ள நிலம், ஒரு வலை, ஒரு பந்து. வயலில் களை பிடுங்கிவிட்டு வந்தவர், மேசன் வேலை முடித்து வந்தவர், பாடசாலை விட்டு வந்த பையன் என்று பன்னிரண்டு பேர் சேர்ந்தால் இருட்டுவதற்குள் இரண்டு சுற்று ஆடிவிடலாம். 1916 இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வழியாக இலங்கைக்கு வந்த விளையாட்டு இது. 1991 இல் தேசிய விளையாட்டாக்கினார்கள். அந்த அறிவிப்பைக் கேட்டு வன்னியில் யாரும் பந்து வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்பே வாங்கியிருந்தார்கள்.

இதற்குள்ளும் ஒரு பாகுபாடு உண்டு. வடக்கில் கரப்பந்தாட்டப் போட்டி என்றால் அது 'செற்றப்'பா 'ஓவர் கேமா' என்று முதலில் கேட்பார்கள். சர்வதேச விதிப்படி ஒருவர் தூக்கிக்கொடுக்க மற்றவர் அடிப்பது செற்றப். ஓவர் கேம் ஊர் வளர்த்த முறை. அதற்குத் தனி ரசிகர்கள், தனிக் கிண்ணம், தனிச் சூரர்கள். ஆனால் பிரதேச மட்டம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்று அரசு கட்டிய ஏணியில் ஓவர் கேமுக்குப் படி கிடையாது. அதில் எவ்வளவு வல்லவனாக இருந்தாலும் சான்றிதழ் வராது, வேலை விண்ணப்பத்தில் எழுத முடியாது. எந்தத் திறமை திறமையாகக் கணக்கில் வரும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் திடலில் இருப்பதில்லை.

மாட்டுவண்டிச் சவாரியை எடுத்துக்கொண்டால் கதை மாறும். சோடி மாட்டை வாங்கவும், தீனி போட்டுப் பராமரிக்கவும், சவாரி நாளில் லொறியில் ஏற்றிப் போகவும் காணி பூமி உள்ளவரால்தான் முடியும். வண்டியை ஓட்டுவது பல வேளைகளில் வேறொருவர். துவரந்தடியோடு புழுதியில் போவது அவர். வென்றதும் ஒலிபெருக்கியில் வருவது மாட்டுச் சொந்தக்காரரின் பெயரும் ஊரும். கரப்பந்தில் இந்த வித்தியாசம் இவ்வளவு வெளிச்சமாகத் தெரியாது. அதனால்தான் அது எல்லோருக்கும் பொதுவான விளையாட்டு என்ற தோற்றத்தைத் தருகிறது.

நாட்காட்டியும் வயலோடு ஒட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் திடல் தண்ணீருக்குள் கிடக்கும். விதைப்புக் காலத்தில் ஆள் சேராது. காலபோக அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் பங்குனி, சித்திரைக்குப் பிறகுதான் கிண்ணங்கள் வரிசை கட்டும். ஒரு போக விளைச்சல் பொய்த்தால் அந்த ஆண்டு ஊரில் சேர்க்கும் பணமும் சுருங்கிவிடும். வெளிநாட்டுப் பணம் வந்த பிறகு இந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

மிஷன் பாடசாலை இல்லாத மண்

யாழ்ப்பாணத்தின் விளையாட்டு வரலாறு மிஷன் பாடசாலைகளோடு பின்னியது. சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் சமர்' 1904 இல் தொடங்கியது. கொழும்பில் இனத்துக்கு ஒரு கழகம். சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் 1899 இல் பிறந்தவை. சோனகருக்கும் பறங்கியருக்கும் மலாயருக்கும் தனித்தனிக் கழகங்கள் இருந்தன. பிறகு அந்த வேலிகள் தளர்ந்தன, பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன. தமிழ் யூனியனுக்கு ஆடிய முத்தையா முரளிதரன் கண்டிக்காரர், மலையக வேர் கொண்டவர் என்பதை நினைத்தால் 'தமிழ்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பேர் அடங்குகிறார்கள் என்பது விளங்கும்.

வன்னிக்கு இந்த வழி எதுவும் பெரிதாக வரவில்லை. குளமும் காடும் மலேரியாவுமாக இருந்த நிலத்தில் 1930களுக்குப் பிறகு அரசின் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. யாழ்ப்பாணத்தில் காணியில்லாதவர்கள் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஊர்ப் பெயர்களே நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வரைபடத்திலிருந்து இறங்கியவை: யுனிற், வாய்க்கால், ஏக்கர், ஆங்கில எழுத்தோடு ஓர் எண். பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஊர், என்ன உறவு என்று தெரியாத இடத்தில் ஊர் என்ற ஒன்றை உண்டாக்க வேண்டியிருந்தது. கோயில் கட்டினார்கள், சனசமூக நிலையம் வைத்தார்கள், விளையாட்டுக் கழகம் தொடங்கினார்கள். கோயிலில் முதல் மரியாதைத் தகராறு வரும், கமக்காரர் அமைப்பில் தண்ணீர்த் தகராறு வரும். பக்கத்து யுனிற்றோடு பந்தடிக்கும்போதுதான் ஊர் முழுவதும் ஒரு பக்கம் நிற்கும். இங்கே பல கழகங்களின் வயது ஏறக்குறைய ஊரின் வயதேதான்.

ஆனால் ஒரு பக்கம் நிற்பவர்கள் யார் என்பதில் சிக்கல் இருந்தது. 1958 கலவரத்துக்குப் பிறகும் 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்தன. வாய்க்கால் பாயும் காணி முன்னமே பங்கிடப்பட்டிருந்தது. காட்டோரம், மேட்டுநிலம், மற்றவரின் வயலில் கூலி, இவைதான் அவர்களுக்குக் கிடைத்தன. அவர்களின் பிள்ளைகள் நல்ல ஆட்டக்காரர்களாக வந்தார்கள், தனிக் கழகங்களையும் கட்டினார்கள். ஆட்டம் சூடேறும்போது எல்லையில் நிற்கும் கூட்டத்திலிருந்து தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன் என்று இழிக்கும் 'தோட்டக்காட்டான்' என்ற வசை வந்து விழும். நடுவர் அதற்கு அட்டை காட்டி நான் பார்த்ததில்லை. வலையைத் தொட்டால் விசில் ஊதுகிறார்.

விளையாட்டு ஊரை இணைக்கிறது என்பது உண்மை. எந்த ஊரை, எவரை விட்டுவிட்டு என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வரும். ஒரு குழுவுக்குள் இறுக்கத்தைக் கூட்டுவதும் இரண்டு குழுக்களுக்கிடையே பாலம் போடுவதும் ஒரே வேலையல்ல. சில சமயம் முதலாவது கூடக்கூட இரண்டாவது குறைகிறது.

விசில் ஊதினால் நிற்கும் உலகம்

இந்தத் துறையின் செல்வாக்குமிக்க விளக்கங்களில் ஒன்று நோர்பேர்ட் எலியாஸ், எரிக் டனிங் இருவருடையது. இங்கிலாந்தில் பாராளுமன்ற அரசியல் வேரூன்றி, சண்டைகள் வாளை விட்டுச் சொல்லுக்கு மாறிய அதே காலத்தில், முரட்டு விளையாட்டுகளும் விதிக்குக் கட்டுப்பட்ட நவீன விளையாட்டுகளாக மாறத் தொடங்கின என்று அவர்கள் காட்டினார்கள். அமைதியாகிவிட்ட சமூகத்தில் அன்றாட வாழ்க்கை உணர்ச்சியற்றுப் போகிறது. ஆபத்தில்லாத ஒரு பரபரப்பை விளையாட்டு தருகிறது. சுருக்கமாக அவர்களின் வாதம் இது.

நல்ல விளக்கம்தான், அமைதியான சமூகத்துக்கு. 1990 முதல் 2002 வரை யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 வீதி மூடிக்கிடந்த, 1996 இல் இராணுவம் கைப்பற்றி 1998 இல் புலிகள் மீட்டு 2009 ஜனவரியில் மறுபடி கைமாறிய கிளிநொச்சி நகரத்துக்குப் பரபரப்புக்கு என்ன குறை? 2004 மார்கழி 26 அன்று முல்லைத்தீவுக் கரையைக் கடலும் அடித்துக்கொண்டு போனது. இவ்வளவுக்கும் நடுவில் வன்னியில் பந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. இடம்பெயர்ந்தவர்கள் புதிய இடத்தில் கொட்டில் போட்டு, கிணறு வெட்டி, பதுங்குகுழி வெட்டி, கொஞ்ச நாளில் இரண்டு கம்பமும் நட்டுவிடுவார்கள். வானில் இரைச்சல் கேட்டால் ஆட்டம் கலையும். போனதும் விட்ட புள்ளியிலிருந்து தொடரும்.

எலியாஸின் வாதத்தை இங்கே தலைகீழாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். வன்னியில் பரபரப்புக்குப் பஞ்சமே இருக்கவில்லை, விதிக்குத்தான் பஞ்சம். நாளைக்கு எந்த வீதி திறந்திருக்கும், அரிசி என்ன விலை, யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்று எதற்கும் ஒழுங்கில்லை. பதினெட்டுக்கு ஒன்பது மீற்றர் திடலுக்குள் மட்டும் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தால் உள்ளே, வெளியே விழுந்தால் வெளியே. விசில் ஊதினால் எல்லோரும் நிற்பார்கள். பிழை விட்டால் ஒரு புள்ளிதான் போகும், உயிர் போகாது. அந்த நிச்சயத்துக்காகவே ஆடியிருப்பார்கள்.

புலிகளின் நிர்வாகத்தில் விளையாட்டுத்துறை என்று தனிப் பிரிவே இருந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வந்த சமாதான காலத்தில் போட்டிகள் களைகட்டின. உடலுறுதியுள்ள இளைஞன் ஊருக்குப் பெருமை. அதே உடலுறுதி போருக்கும் வேண்டியிருந்தது. கடைசிக் கட்டத்தில் பிள்ளையை மைதானத்துக்கு விடப் பயந்த பெற்றோர் இருந்தார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாவிட்டால் அந்தக் காலத்தை நேர்மையாகச் சொன்னதாகாது.

2009 இல் போர் முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியோர் பெயர்கள். கூடார வரிசைகளுக்கு நடுவே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி விக்கெட், பலகைத் துண்டில் மட்டை. கம்பிக்கு மேலால் போனால் ஆட்டமிழப்பு, ஏனென்றால் பந்தை எடுக்க யாரும் போக முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த விதியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 2012 புரட்டாசியில்தான் முகாம் முற்றாக மூடப்பட்டது.

ஞாபகார்த்தக் கிண்ணம்

மீள்குடியேறிய ஊர்களில் இன்று நடக்கும் போட்டிகளின் அறிவித்தல் பலகைகளை வரிசையாகப் பாருங்கள். அரைவாசிக்கு மேல் ஒருவருடைய ஞாபகார்த்தம் என்று சொன்னால் இங்கே யாரும் மறுக்கமாட்டார்கள். கழகத்தைத் தொடங்கியவர், விபத்தில் போன வீரர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க இங்கே கண்மூடிய அப்பா. சில பலகைகளில் படம் இருக்கும், பெயர் இருக்கும், பிறந்த ஆண்டு இருக்கும். இறந்த ஆண்டு 2009. எப்படி என்று எழுதியிருக்காது. எழுதத் தேவையில்லை, வாசிப்பவர் எல்லோருக்கும் தெரியும்.

இறந்தவரை நினைவுகூர்வதே பொலிஸ் விசாரணைக்கு உரிய விடயமாக இருந்த ஆண்டுகளை இந்த மண் கண்டது. விளக்கேற்றினால் யார் ஏற்றியது, எதற்கு என்று கேட்பார்கள். விளையாட்டுப் போட்டிக்கு யாரும் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரை அழைத்து, கிராம அலுவலரை மேடையில் இருத்தி, ஆரம்பத்தில் ஒரு நிமிடம் எழுந்து நின்றால் அதில் யாரையும் நினைக்கலாம். அந்த ஒரு நிமிடம் பல திடல்களில் வழமையைவிடக் கொஞ்சம் நீளமாகவே இருக்கும். தலைகவிழ்ந்து நிற்கும் அணிகளுக்குப் பின்னால், வேலியோரத்தில், ஆட்டம் பார்க்க வராத சில தாய்மார் அந்த நேரத்துக்கு மட்டும் வந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். முதல் பந்து எறியப்படுவதற்குள் போய்விடுவார்கள்.

பணம் வெளியிலிருந்து வருகிறது. ஜேர்சி இலண்டனிலிருந்து, கிண்ணம் சுவிசிலிருந்து, மின்விளக்குக்கான செலவு கனடாவிலிருந்து. புலம்பெயர்ந்தவர்கள் தங்கள் ஊரைத் தேடுவதற்கு விளையாட்டைப் பற்றிக்கொள்வது புதிதல்ல. அங்கீகாரம் பெறாத தேசங்களுக்கான கொனிஃபா உதைபந்தாட்டக் கிண்ணத்தில் 2014 இல் தமிழீழம் என்ற பெயரில் ஓர் அணி சுவீடனில் ஆடியது. ஆடியவர்கள் புலம்பெயர் நாடுகளில் வளர்ந்த இளைஞர்கள். ஊரில் நடப்பது இதைவிடச் சிறிய காரியம், ஆனால் தாக்கம் நேரடியானது. பணம் அனுப்புகிறவருக்கு ஊர் என்பது தான் விட்டுப்போன ஆண்டில் நின்றுவிட்ட ஊர். எந்த விளையாட்டு, எந்தப் பெயர், யார் பிரதம விருந்தினர் என்பதில் அவருக்கும் ஒரு சொல் உண்டு. பணம் தருபவர் இருவர், ஒருவரோடொருவர் பேசாதவர்கள் என்றால், கழகம் இரண்டாகும். ஒரே ஊரில், ஒரே திடலில், இரண்டு கழகம், இரண்டு நிறம். இரண்டாகாமல் காப்பாற்ற நிர்வாகம் படும் பாட்டை வெளியில் இருப்பவர்கள் அறியமாட்டார்கள்.

முகப்புத்தக நேரலை வந்த பிறகு இன்னொன்றும் மாறியிருக்கிறது. அறிவிப்பாளர் திடலில் நிற்பவர்களுக்குப் பேசுவதைவிடத் திரைக்கு அப்பால் இருப்பவர்களுக்கே கூடுதலாகப் பேசுகிறார். "பிரான்சிலிருந்து இணைந்திருக்கும் உறவுகளே" என்று அவர் தொடங்கும்போது, வெயிலில் நிற்கிற உறவுகள் தண்ணீர்ப் பந்தல் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

மைதானத்துக்குக் காணி உறுதி இருக்கிறதா?

போர் முடிந்து ஊருக்குத் திரும்பியவர்களுக்கு வீட்டுக் காணியே பெரும் போராட்டம். முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்கள் தங்கள் நிலத்துக்காக 2017 இல் தொடங்கி வீதியோரத்தில் மாதக்கணக்கில் இருந்தார்கள். தனியார் காணிக்கே இந்தக் கதி என்றால் பொதுத் திடலுக்காக யார் உண்ணாவிரதம் இருப்பது? சில திடல்கள் முகாமுக்குள் போயின, சிலவற்றில் கண்ணிவெடி அகற்றி முடியும்வரை சிவப்பு மண்டையோட்டுப் பலகை நின்றது. வேறு சில வனத் திணைக்களத்தின் எல்லைக் கல்லுக்குள் விழுந்துவிட்டன. காட்டை வெட்டித் திடலாக்கிய ஊருக்கு அது திடல். வரைபடத்துக்கு அது இன்னும் காடு.

இராணுவமே போட்டிகளை நடத்தியது, உபகரணங்கள் வழங்கியது. நல்லிணக்கம் என்ற பெயரில் தெற்கிலிருந்து அணிகள் வந்தன. 2012 இல் தொடங்கிய முரளி கிண்ணப் பாடசாலைக் கிரிக்கெட் போட்டிகள் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் நடந்தன. வேறு மொழி பேசும் பிள்ளைகளை முதன்முதலாக அருகில் பார்த்த பிள்ளைகளுக்கு அது சின்ன விடயமல்ல. சந்தித்தால் பகை குறையுமா என்ற கேள்விக்கு அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஒல்போர்ட் 1954 லேயே நிபந்தனையோடு பதில் சொன்னார். இரு தரப்பும் சமநிலையில் இருக்க வேண்டும், பொது இலக்கு வேண்டும், ஒத்துழைப்பு வேண்டும், அதிகாரத்தின் ஆதரவு வேண்டும். பிள்ளைகளுக்கிடையே முதல் மூன்றும் ஓரளவு இருந்திருக்கும். சீருடைக்காரர் விருந்தளிப்பவராகவும் ஊரவர் தங்கள் திடலிலேயே விருந்தாளியாகவும் இருக்கும் போட்டியில் முதல் நிபந்தனையே அடிபட்டுப் போகிறது. கைகுலுக்கும் படம் நன்றாக வரும். அடுத்த நாள் திடலுக்குள் போக அனுமதி கேட்க வேண்டும்.

போரில் ஊனமுற்றவர்களின் நிலையில் இந்தச் சமமின்மை இன்னும் துலக்கமாகத் தெரியும். டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த இலங்கை இராணுவ வீரர், போரில் காயமடைந்தவர். அவருடைய உழைப்பு அவருடையது, அதில் யாருக்கும் பேச்சில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது: சம்பளம், பயிற்றுநர், இராணுவத்தின் சொந்தப் பாரா விளையாட்டுப் போட்டிகள். அதே போரின் மறுபக்கத்தில் கையையும் காலையும் இழந்தவர்கள் வன்னியின் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். இருந்தபடி ஆடும் கரப்பந்து 1950களில் நெதர்லாந்தில் தோன்றி இன்று பராலிம்பிக்கில் இருக்கிறது. நிலத்தில் அமர்ந்து ஆட ஒரு சீமெந்துத் தரையும் தாழ்வான வலையும் போதும். எத்தனை ஊர்த் திடல்களில் அப்படி ஒரு தரை இருக்கிறது? கழக நிர்வாகத்தில் அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள், புள்ளி எழுதுகிறார்கள். ஆடுவதில்லை.

முள்ளியவளையில் ஒரு மூதாட்டி

பெண்கள் எங்கே என்று மேலே கேட்டேன். பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியில் எங்கும் இருக்கிறார்கள். தை, மாசியில் வள்ளுவர், கம்பர், இளங்கோ என்று இல்லம் பிரித்து, நிறக் கடதாசியும் தென்னோலையும் கொண்டு இரவிரவாக இல்லம் அலங்கரித்து, அணிநடை பழகி, எல்லே என்ற மட்டைப்பந்தும் வலைப்பந்தும் ஆடி, ஓட்டத்தில் ஆண் பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் பதக்கம் வாங்குகிறார்கள். உயர்தரப் பரீட்சை வருகிறது, பிறகு அரைக் காற்சட்டையைப் பற்றி மாமிமார் பேசத் தொடங்குகிறார்கள், பிறகு ஆடைத் தொழிற்சாலையோ கல்யாணமோ. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஊரில் எந்தத் திடலிலும் இடமில்லை. மாதர் சங்கம் புத்தாண்டுக்கு வைக்கும் கயிறிழுத்தல் ஒன்றைத் தவிர. மாலையில் திடல் ஆண்களுடையது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பெண்கள் குறுக்கே நடக்காமல் சுற்றிப் போகிறார்கள்.

2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையைச் சேர்ந்த 72 வயது அகிலத்திருநாயகி தங்கப் பதக்கங்களோடு திரும்பினார். படம் எல்லாக் கைபேசிக்கும் போனது. பாராட்டு விழாக்கள் குவிந்தன. எனக்குப் பட்டது வேறு. அந்த வயதில் ஒரு பெண் வீதியோரமாக ஓடினால் ஊர் ஒன்றும் சொல்லாது. முப்பதில் ஓடியிருந்தால் சொல்லியிருக்கும். அவரைப் பாராட்டிய மேடைகளில் முப்பது வயதுப் பெண்கள் பூச்செண்டு கொடுத்தார்கள்.

போதையைப் பற்றியும் ஒரு சொல். விளையாட்டில் ஈடுபட்டால் இளைஞர் போதைக்குப் போகமாட்டார்கள் என்று சொல்லாத பிரதம விருந்தினர் இல்லை. உலகின் பல இடங்களில் ஆய்வாளர்கள் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்து, விடை அவ்வளவு எளிதல்ல என்று கண்டிருக்கிறார்கள். யாரோடு ஆடுகிறான், ஆட்டம் முடிந்ததும் எங்கே போகிறான், மறுநாள் வேலை இருக்கிறதா என்பவற்றில்தான் விடயம் தங்கியிருக்கிறது. கிண்ணம் வென்ற இரவில் வாய்க்கால் கட்டில் என்ன நடக்கும் என்பது அந்தப் பிரதம விருந்தினருக்கும் தெரியாததல்ல. வேலையின்மையையும் கடனையும் ஒரு பந்தால் அடித்துவிடலாம் என்று சொல்லும்போது, பொறுப்பு மெதுவாக மாவட்டத்திலிருந்து கழகச் செயலாளரின் தோளுக்கு இறங்கிவிடுகிறது. அவர் பகலில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர்.

கோடு போட்டு முடிந்துவிட்டது. முதல் ஆட்டம் ஆறு மணிக்கு என்று சொன்னார்கள், இன்னும் தொடங்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் தகராறு. வந்திருக்கும் அணியில் ஒரு பையன் அந்த ஊரவன் இல்லை என்று எதிரணி சொல்கிறது. வெளிவீரர் இருவருக்குமேல் கூடாது என்பது போட்டி விதி. பையன் பிறந்தது மெனிக்பாமில். அப்பாவின் ஊர் ஒரு யுனிற், அம்மாவின் ஊர் இன்னொன்று, இப்போது இருப்பது இரண்டிலும் இல்லை, வேலைக்காக வவுனியாவில் ஓர் அறையில். கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தல் கடிதம் கேட்டிருக்கிறார்கள். அவனிடம் இரண்டு கடிதம் இருக்கிறது, இரண்டும் வெவ்வேறு அலுவலரிடமிருந்து, இரண்டிலும் முத்திரை. கோடு போட்ட பெரியவர் இரண்டையும் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.

"இவன்ரை அப்பன் ஆடினவன்" என்கிறார். "எந்தப் பக்கம் எண்டுதான் ஞாபகமில்லை."